எட்வின் அண்ணன் ஏன் பழசை விடவில்லை

செய்தி வந்தபோது நான் திருப்பதியில், அலிபிரி போகும் சாலையில் ஒரு மருந்துக் கடையில், பிரிண்டரைப் பிரித்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். கை முழுக்க ரிப்பன் கரி. போனில் சுகந்தி அண்ணியின் பெயர் வந்தது. அவர் அழைத்தால் பெரும்பாலும் ரிப்பன் தீர்ந்திருக்கும், இல்லாவிட்டால் அண்ணனுக்கு என்னைத் திட்ட வேண்டும்போல் இருந்திருக்கும். விரலை ஓரமாக நீட்டி ஸ்பீக்கரைத் தட்டி, "சொல்லுங்க அண்ணி, ரிப்பன்தானே?" என்றேன்.

"குமாரு, அண்ணன் போயிட்டாருப்பா."

"எங்க அண்ணி போயிட்டாரு?" என்று கேட்டேன்.

இதை எழுதும்போதும் கை கூசுகிறது. கண் தெரியாத மனிதர் தனியாக எங்கேயோ கிளம்பிவிட்டார் என்றுதான் எனக்குப் பட்டது. அந்தப் பக்கம் மூச்சு மட்டும் கேட்டது. கடைக்காரர்தான் எழுந்து வந்து, ஸ்பீக்கரை அணைத்து, போனை என் காதில் வைத்துப் பிடித்துக்கொண்டார். அப்போதுதான் எனக்குப் புரிந்தது. பிரிண்டரை அப்படியே போட்டுவிட்டு, கையைக்கூடக் கழுவாமல் சித்தூர் பஸ் ஏறினேன். காணிப்பாக்கம் பிரிவு வரும்வரை பக்கத்தில் இருந்தவர் என் கைகளையே பார்த்துக்கொண்டு வந்தார்.

இதைப் படிக்கும் உங்களில் பலர் அவரைக் குரலாக மட்டுமே அறிவீர்கள். பழைய லேபிள் மென்பொருளை விடாத நம் வாட்ஸ்அப் குழுவில் அவர் ஒரு வரிகூடத் தட்டச்சு செய்ததில்லை; குரல் பதிவுதான் அனுப்புவார். "நான் எட்வின் பேசறேன், சித்தூர்லேர்ந்து" என்று ரேடியோவில் வருகிற மாதிரி ஆரம்பிப்பார். பின்னால் பிரிண்டர் ஓடும், குக்கர் விசில் அடிக்கும், நடுவில் "சுகு, கொஞ்சம் அடுப்ப அணையேன், மீட்டிங்ல கீறேன்" என்று ஒரு சத்தம் வரும். முகம் அறியாதவர்களுக்காகச் சொல்கிறேன். நல்ல உயரம். தலைமுடியை எண்ணெய் வைத்துப் படிய வாருவார். சட்டை எப்போதும் இஸ்திரி போட்டிருக்கும். கறுப்புக் கண்ணாடி மட்டும் போட மாட்டார். "அத்த போட்டா ஜனங்க என்கிட்ட கத்திப் பேச ஆரம்பிச்சிடறாங்க. எனக்கு காது நல்லா கேக்குதுபா" என்பார்.

அவரை முதலில் பார்த்தது சித்தூருக்கு வெளியே இருந்த ஒரு மாம்பழக் கூழ் தொழிற்சாலையில். பீப்பாய்களிலும் டின்களிலும் ஒட்டும் லேபிள்களை அடிக்கும் அறைக்கு அவர்தான் பொறுப்பு. தலைமை அலுவலகம் புதிய மென்பொருள் ஒன்றை வாங்கியிருந்தது. இன்டர்நெட்டில் ஓடுவது, மாதச் சந்தா கட்டுவது. அதைப் போட்டுக் கொடுக்கும் வேலையாக நான் போயிருந்தேன். சீசன் தொடங்கும் சமயம். வாசலிலிருந்து சாலை வரை மாங்காய் லாரிகள் நின்றன. எங்கே பார்த்தாலும் ஈ, எங்கே மூச்சு விட்டாலும் பழ வாசனை.

நான் பையைத் திறக்கும் முன்பே, "வா தம்பி, ஒரு டீ துன்னுட்டு வரலாம்" என்றார்.

"டீயைத் துன்னுவாங்களா சார்?"

"எங்க ஊரு டீக்கு பொறையும் தருவாங்க. வா."

என் தோளில் கை போட்டுக்கொண்டு நடந்தார். பார்த்த முதல் நாளே இவ்வளவு பிரியமா என்று எனக்குக் கூச்சமாக இருந்தது. கேட்டுக்கு வெளியே டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்து, பொறையை டீயில் நனைத்துச் சாப்பிட்டு முடித்தபின் சொன்னார்:

"தம்பி, எனக்கு கண்ணு தெரியாது. அது இங்க யாருக்கும் தெரியாது."

நான் சிரித்தேன். ஏதோ வார்த்தை விளையாட்டு என்று நினைத்தேன்.

"சிரிக்காத. உன் சட்டை இன்னா கலருன்னு எனக்குத் தெரியாது. நீ என்னவிட குட்டைன்றது உன் தோளு சொல்லுது. மூஞ்சி எப்பிடின்னு தெரியாது. கேட்லேர்ந்து இந்த பெஞ்சு வரைக்கும் உன்னப் புடிச்சிக்கினுதான் வந்தேன்."

இளவயதிலிருந்தே ஓரங்களிலிருந்து மூடிக்கொண்டு வந்த பார்வை அது. குழாய்க்குள்ளிருந்து பார்ப்பது போல இருந்ததாம். பிறகு அந்தக் குழாயும் மெல்ல அடைத்துக்கொண்டது. இதற்கு மருந்து இல்லை என்று பெரிய ஆஸ்பத்திரியில் சொல்லிவிட்டார்கள். வீட்டில் அண்ணிக்கு மட்டும் தெரியும். தொழிற்சாலையில் சொல்லவில்லை. ஏன் என்று கேட்டதற்கு, "சொன்னா அன்னிக்கே வெளிய உக்கார வெச்சிடுவாங்க. பாவப்பட்டு, நல்ல வார்த்தையா நாலு சொல்லி, மாலை போட்டு உக்கார வெப்பாங்க" என்றார்.

பழைய மென்பொருளை அவர் எப்படி ஓட்டினார் என்பதை உள்ளே திரும்பி வந்ததும் எனக்குக் காட்டினார். அதை நீங்கள் எல்லோரும் அறிவீர்கள்: சாம்பல் நிறச் சின்னப் பெட்டி, மேலே ஒரு வரிசை மெனு, கம்ப்யூட்டரின் பின்னால் பென் டிரைவ் மாதிரிச் செருகும் சாவி இருந்தால்தான் திறக்கும். அவர் மவுஸைத் தொடவே இல்லை. ஆல்ட், எஃப், ஓ. கீழம்பு, கீழம்பு, என்டர். பேட்ச் எண். டேப். தேதி. டேப். எத்தனை வேண்டும். என்டர். பிரிண்டர் ஓடத் தொடங்கியது. தப்பாக ஏதாவது நடந்தால் மணி அடிக்கும், அடிக்காவிட்டால் சரி. ஞாயிற்றுக்கிழமை ஆராதனையில் பாட்டுப்புத்தகத்தை விரித்துக் கையில் வைத்துக்கொண்டு, எந்தப் பக்கம் என்று தெரியாமலே எல்லாப் பாட்டையும் முழுதாகப் பாடுவாராம். அதே நிதானம் அந்த விரல்களில் இருந்தது.

பிறகு புதியதைத் திறந்தேன். தன் போனில் உள்ளதைப் போலத் திரையை வாசித்துக் காட்டும் ஏற்பாடு இருக்கிறதா என்று கேட்டார். இருக்கிறது என்று சொல்லி அதையும் ஓடவிட்டேன். ஹெட்செட்டை மாட்டிக்கொண்டு டேப் கீயை ஒவ்வொரு முறையாகத் தட்டினார். கொஞ்ச நேரத்தில் ஹெட்செட்டைக் கழற்றி என் காதில் வைத்தார். ஒரு பெண் குரல் பொறுமையாகச் சொல்லிக்கொண்டிருந்தது: "பட்டன். பட்டன். பட்டன். பட்டன்."

"தம்பி, லேபிள் அடிக்கிற சாப்ட்வேரு. அதோட பட்டனுக்கே லேபிள் இல்லபா!"

அவர் வாய்விட்டுச் சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. அந்தப் பொத்தான்களில் எல்லாம் படம் இருந்தது, பெயர் இல்லை. பார்க்க முடிந்தவர்கள்தான் அதைச் செய்தார்கள். பார்க்க முடியாத ஒருவர் அதன் முன் உட்காரக்கூடும் என்று யாருக்கும் தோன்றியிருக்காது. எனக்கும் அதுவரை தோன்றியதில்லை.

மேனேஜரிடம் போய், சீசன் சமயத்தில் நெட் போனால் வேலை நின்றுவிடும், ஒரு கம்ப்யூட்டரில் பழையதும் இருக்கட்டும் என்றேன். உண்மையும் அதுதான். அவரும் சரி என்றார். அந்த ஒரு கம்ப்யூட்டரில்தான் எட்வின் அண்ணன் அந்த சீசனையும் அடுத்த சீசனையும் ஓட்டினார். மாதம் ஒருமுறை சர்வீஸ் என்று சொல்லி நான் போவேன். பெரும்பாலும் டீ குடிக்கத்தான் போனேன். சார் என்பது எப்போது அண்ணன் ஆனது என்று நினைவில்லை.

பிறகு வந்தது முனிலட்சுமியின் விவகாரம். அன்று நான் அங்கே இருந்தேன். பிரிண்டரின் ஹெட் மாற்றப் போயிருந்தேன்.

தோத்தாபுரி கூழுக்குப் பச்சைக் கரை போட்ட லேபிள் ரோல், அல்போன்சாவுக்கு மஞ்சள் கரை. இரண்டும் அலமாரியில் வேறு வேறு தட்டில் இருக்கும். அண்ணன் தட்டைத் தடவித்தான் ரோலை எடுப்பார். அறையைச் சுத்தம் செய்தவர்கள் தட்டை மாற்றி அடுக்கிவிட்டார்கள். அச்சடித்த எழுத்து சரி, கரை தப்பு. பீப்பாய்களில் ஒட்டி, கன்டெய்னரில் ஏற்றும்போதுதான் கண்டுபிடித்தார்கள். ஒட்டியது யார் என்று கேட்டார்கள். காண்ட்ராக்டில் புதிதாகச் சேர்ந்த முனிலட்சுமி. கொடுத்ததை ஒட்டினேன் என்று அந்தப் பெண் தெலுங்கில் அழுதுகொண்டே சொன்னாள். கண் இல்லையா உனக்கு, பச்சைக்கும் மஞ்சளுக்கும் வித்தியாசம் தெரியாதா, நாளையிலிருந்து வராதே என்று சூப்பர்வைசர் கத்தினார்.

அந்தச் சத்தம் லேபிள் அறைக்குக் கேட்டது. அண்ணன் எழுந்தார். என் தோளைத் தேடவில்லை. அத்தனை பேர் முன்னால், சுவரைத் தடவிக்கொண்டே நடந்து வந்தார். அவர் அப்படி நடந்து யாரும் அதுவரை பார்த்ததில்லை.

"மேனேஜர் சார், ரோல மாட்டனது நானு."

மேனேஜர் நிலைமையைச் சமாளிக்கப் பார்த்தார். "எட்வின்காரு, மீரு கூர்ச்சோண்டி" என்றார். நீங்கள் உட்காருங்கள், இதில் தலையிட வேண்டாம் என்கிற தொனி.

"உக்கார மாட்டேன் சார். அந்தப் பொண்ணுக்கு கண்ணு இருக்குது. எனக்குத்தான் இல்ல. பச்சையும் மஞ்சளும் எனக்கு ஒன்னுதான். ரொம்ப வருஷமா இப்பிடித்தான். அவள அனுப்பாதீங்க."

முனிலட்சுமி அழுகையை நிறுத்திவிட்டு அவரையே பார்த்தாள். சூப்பர்வைசர் தலையைக் குனிந்துகொண்டார்.

மேனேஜர் கெட்டவர் அல்ல. அவர் கண்ணும் கலங்கியிருந்தது. ஆனால் சாப்பிடும் பொருள் தயாராகிற இடத்தில், விஷயம் தெரிந்தபிறகு, கண் தெரியாதவரை லேபிள் அறையில் வைத்துக்கொள்ள அவரால் முடியவில்லை. வேறு வேலை எதுவும் இல்லையா என்று நான் கேட்டேன். தலைமை அலுவலகத்தில் கேட்கிறேன் என்றார். கேட்டிருக்கவும் கூடும். அண்ணன் முன்பே சொன்ன மாதிரி, நல்ல வார்த்தைகள் சொல்லி, மாலை போட்டு அனுப்பினார்கள். முனிலட்சுமியை அனுப்பவில்லை. இப்போதும் அங்கேதான் வேலை செய்கிறாள். அடக்கத்திற்கு மகளைக் கூட்டிக்கொண்டு வந்திருந்தாள். குழிக்குள் மண் போடும்போது அவள்தான் எல்லோரையும்விட உரக்க அழுதாள்.

வேலை போனபிறகு அவர் வீட்டில் உட்கார்ந்த காலத்தைப் பற்றி அண்ணி அதிகம் பேச மாட்டார். அவர்களுக்குப் பிள்ளைகள் இல்லை. அண்ணி பள்ளியில் மழலை வகுப்பு எடுக்கப் போனால், திரும்பி வரும்வரை அவர் அதே நாற்காலியில் இருப்பாராம். ஞாயிறு ஆராதனைக்குப் போவதையும் நிறுத்திவிட்டார். சேதி பரவிவிட்டது. அதுவரை தானே நடந்து போய்ப் பாடகர் வரிசையில் நின்றவரை, சபையார் வாசலிலேயே வந்து கையைப் பிடித்து அழைத்துப் போக ஆரம்பித்தார்கள். அன்பாகத்தான் செய்தார்கள். "நான் கொயந்தையா சுகு? கையப் புடிச்சு இட்டுக்கினு போயி உக்கார வெக்கறாங்க" என்று சொல்லிவிட்டு, அடுத்த ஞாயிறு இஸ்திரி போட்ட சட்டையை மாட்டிக்கொண்டு வீட்டிலேயே உட்கார்ந்திருந்தாராம். பாடச் சொன்னேன், பாடவில்லை என்றார் அண்ணி.

தொழிற்சாலையில் பழைய கம்ப்யூட்டரைக் கழிக்கப் போகிறார்கள் என்று தெரிந்ததும் நான் மேனேஜரிடம் கேட்டேன். அவர் மறுபேச்சுப் பேசவில்லை. பிரிண்டரையும் சாவியையும் சேர்த்துக் கொடுத்தார். ஆட்டோ வரைக்கும் மானிட்டரை அவரே தூக்கி வந்தார்.

அண்ணன் வீட்டு முன்னறையில் எல்லாவற்றையும் மாட்டி முடித்தேன். அவர் வரமாட்டேன் என்று உள்ளறையிலேயே இருந்தார். கம்ப்யூட்டருக்கு உயிர் வந்து, இரண்டு முறை மணி அடிக்கும் அந்தப் பழைய சத்தம் கேட்டதும், கதவைப் பிடித்துக்கொண்டு வந்து நின்றார். பிறகு உட்கார்ந்து கீபோர்டைத் தடவினார்.

"இது என்னுதுதான். எஃப் மேல இருக்கற கோடு தேஞ்சி போயிருக்குது பாரு. நான் தேச்சது."

ஆல்ட், எஃப், என். ஏதோ அடித்தார். பிரிண்டர் இரண்டு லேபிள்களைத் துப்பியது. அதைக் கிழித்து அண்ணியிடம் நீட்டினார். ஒன்றில் உப்பு என்றும் மற்றதில் சர்க்கரை என்றும் பெரிய எழுத்தில் இருந்தது.

"எனக்கு எது உப்பு எது சர்க்கரைன்னு இத்தன வருஷமா தெரியாதா?" என்றார் அண்ணி.

"உனக்குத் தெரியும். நேத்து டீல தெரியலயே."

அண்ணி சிரிக்கத் தொடங்கி, அது அழுகையாக மாறி, உள்ளே போய்விட்டார். அண்ணன் அன்று சாயங்காலம் பாடினார் என்று மறுநாள் அண்ணி போனில் சொன்னார்.

அதன்பிறகு நடந்தவை உங்களுக்கும் தெரியும். ஊறுகாய் போடுகிறவர்கள், பலமனேரில் நெய் விற்கும் கௌரம்மா, ரத்தப் பரிசோதனை நிலையங்கள், பள்ளிக்கூடங்கள் என்று ஒவ்வொருவராக லேபிள் அடித்துக்கொள்ள வந்தார்கள். முறை ஒன்றுதான். முதல் லேபிளை மட்டும் அடித்து அண்ணியைக் கூப்பிடுவார். அண்ணி அடுப்படியிலிருந்து வந்து, ரோலின் நிறம் உட்பட ஓர் எழுத்து விடாமல் சத்தமாகப் படிப்பார். சரி என்றால் மொத்தத்தையும் ஓடவிடுவார். ரோல் தீர்ந்ததும் கூப்பிடுவார், அண்ணி மாற்றிக் கொடுப்பார். அண்ணி இல்லாத நேரத்தில் அவர் எந்த வேலையையும் தொடங்கியதில்லை. அவசரம் என்று யாராவது நின்றால், "மேடம் ஸ்கூல் உட்டு வரட்டும். கையெழுத்து அவங்களுது" என்பார்.

நம் குழுவும் அப்படித்தான் உருவானது. பழைய மென்பொருளை விடாதவர்கள் எங்கெங்கோ இருந்தோம். திருப்பதிக் கல்லூரி நூலகத்து அம்மாவுக்கு, அவர் புத்தக முதுகுக்கு வரைந்து வைத்த மாதிரிகள் புதியதில் திறக்கவில்லை. வடமாலபேட்டை விதைக் கடை பாலாஜிக்கு, நெட் போனாலும் கடை ஓட வேண்டும். கௌரம்மாவுக்கு, ஒரு முறை வாங்கிய பொருளுக்கு ஏன் மாதாமாதம் வாடகை என்பது புரியவில்லை. வேறு சிலருக்கு அந்தப் பழைய எழுத்துருவின் மேல் பிரியம். அதில் வெட்கப்பட ஒன்றும் இல்லை.

அலிபிரி பக்கத்து மெஸ்ஸில் ஒரு ஞாயிற்றுக்கிழமை கூடினோமே, வந்தவர்களுக்கு நினைவிருக்கும். யாரோ அழைத்து, புதிய மென்பொருள் விற்கும் இளைஞர் ஒருவரும் வந்திருந்தார். நல்ல பையன். சாப்பாட்டுக்குப் பிறகு எழுந்து, நீங்கள் எல்லோரும் சென்டிமென்டில் பழசைப் பிடித்துக்கொண்டிருக்கிறீர்கள், ஒரு தடவை மாறிப் பாருங்கள், எவ்வளவு வசதி என்று தெரியும் என்றார்.

அண்ணன் இலையை மடித்துவிட்டு, குரல் வந்த பக்கம் திரும்பினார்.

"சென்டிமென்ட் இல்ல தம்பி. எனக்கு பழசு மேல ஆசையும் கெடயாது. உங்க வீட்ல நாற்காலிய யாராவது சொல்லாம கொள்ளாம நகர்த்தி வெச்சா நீ இன்னா செய்வ? பாத்து சுத்திக்கினு போவ. நான் முட்டிக்கினு வியுவேன். உங்க அப்டேட்டு எனக்கு அதுதான். இது நேத்து வெச்ச எடத்துல இன்னிக்கும் இருக்குது. அவ்ளோதான்."

அந்த இளைஞர் அண்ணன் பக்கத்தில் வந்து உட்கார்ந்து, எந்த எந்த இடத்தில் முட்டுகிறது என்று கேட்டார். கம்பெனிக்கு எழுதுவதாகச் சொன்னார். எழுதினாரா, எழுதியும் எதுவும் நடக்கவில்லையா, தெரியாது. அண்ணன் மட்டும் ஒவ்வொரு புதிய பதிப்பு வந்தபோதும் என்னைப் போடச் சொல்லி, டேப் கீயைத் தட்டிக் கேட்டுப் பார்த்தார். உங்களுக்கு இது தெரியாமல் இருக்கலாம். நம்மில் புதியதை அதிகம் முயன்று பார்த்தவர் அவர்தான். கேட்டுவிட்டு, "இன்னும் பட்டன் பட்டன்னுதான் சொல்லுது. உடு, அடுத்த வருஷம் பாப்போம்" என்பார். ஒருநாள் சரியாகும் என்று உண்மையாகவே நம்பினார்.

ஒருமுறை அந்தச் சாவி உடைந்தது. துடைக்கும்போது துணி சிக்கி, பின்னால் நீட்டிக்கொண்டிருந்த சாவி பாதியாக முறிந்துவிட்டது. அண்ணி குற்றவாளி போல அழுதார். அண்ணன் பழைய நாற்காலிக்குப் போய் உட்கார்ந்துவிட்டார். நான் குழுவில் ஒரு வரி எழுதினேன், வேறொன்றும் கேட்கவில்லை. மறுநாள் பாலாஜி வடமாலபேட்டையிலிருந்து பைக்கில் வந்து, தன் சட்டைப் பையிலிருந்து தன் சாவியை எடுத்து மேஜைமேல் வைத்தார்.

"உன் கடை?" என்றார் அண்ணன்.

"நான் புதுசுக்கு மாறிட்டேண்ணா."

"பொய் சொல்லாத."

"நெஜமாத்தான். காத்தால சந்தா கட்டிட்டேன். எனக்கு சுத்திக்கினு போவ கண்ணு இருக்குதுண்ணா."

அண்ணன் கையை நீட்டி பாலாஜியின் முகத்தைத் தேடி, கன்னத்தில் தட்டினார். இரண்டு பேரும் அதைப் பற்றிக் குழுவில் பேசவில்லை. பாலாஜி என்னைத் திட்டினாலும் பரவாயில்லை, இப்போது சொல்லிவிடுகிறேன்.

இனி அந்த நாளைப் பற்றி. அடக்கம் முடிந்த மறுநாள் அண்ணி என்னை முன்னறையில் உட்கார வைத்துச் சொன்னது இது.

பள்ளிக்கு விடுமுறை. கௌரம்மாவின் நெய் டப்பாக்களுக்குப் பெரிய ஆர்டர். காலைச் சாப்பாடு முடித்து அண்ணன் உட்கார்ந்திருக்கிறார். முதல் லேபிள் வந்தது. அண்ணி வந்து படித்தார். பலமனேர் பசு நெய், தேதி, எடை, எல்லாம் சரி.

"சரி, உடறேன்" என்றாராம். அதுதான் கடைசி வார்த்தை.

அண்ணி அடுப்படிக்குத் திரும்பி வந்து குழம்பு கூட்டினார். பிரிண்டர் ஓடும் சத்தம் கேட்டுக்கொண்டே இருந்தது. அந்த வீட்டில் அந்தச் சத்தம் கேட்டால் அண்ணன் நன்றாக இருக்கிறார் என்று அர்த்தம். குழம்பு கொதித்தது, சோறு வெந்தது, சத்தம் ஓடிக்கொண்டே இருந்தது. பிறகு நின்றது. ரோல் தீர்ந்தது என்று கூப்பிடுவார் என்று கரண்டியைப் பிடித்துக்கொண்டே காத்திருந்தார். கூப்பிடவில்லை. யாரோ போனில் கூப்பிட்டிருப்பார்கள் என்று நினைத்து அப்பளம் பொரித்தார். அப்பளத்தோடு முன்னறைக்கு வந்தபோது அண்ணன் நாற்காலியில் சாய்ந்தபடி இருந்தார். கை கீபோர்டின் மேலேயே இருந்தது. தரை முழுக்க லேபிள் சுருள் சுருளாக விழுந்து கிடந்தது. ஓடவிட்ட கொஞ்ச நேரத்திலேயே உயிர் போயிருக்க வேண்டும் என்றார் பார்த்த டாக்டர். இதயம்.

"அது ஓடிக்கினே இருந்துச்சு குமாரு. அது நின்னிருந்தா நான் வந்திருப்பேன். உள்ள அவரு இல்ல, அது மட்டும் ஓடிக்கினு இருந்துச்சு. நான் குழம்புல உப்பு பாத்துக்கினு இருந்தேன்பா."

ஓடிவந்திருந்தாலும் ஒன்றும் செய்திருக்க முடியாது என்று டாக்டர் சொன்னதையே திரும்பச் சொன்னேன். அவர் கேட்டுக்கொள்ளவில்லை. யாராலும் அதை அவரிடமிருந்து எடுக்க முடியாது என்று நினைக்கிறேன். அண்ணியைப் பார்க்கப் போகிற நம்மால் முடிந்தது, அவர் அதைச் சொல்லும்போது தடுக்காமல் கேட்பதுதான். சித்தூர் பக்கம் போகிறவர்கள் தயவுசெய்து போங்கள்.

அந்தச் சுருளை யாரும் தொடக்கூடாது என்று அண்ணி சொல்லிவிட்டார். மூலையில் ஒரு முறத்தில் குவித்து வைத்திருந்தது. அந்த வாரக் கடைசியில் கௌரம்மா வந்தார். லேபிள் கேட்க வரவில்லை. பாலும் பழமும் கொண்டு வந்திருந்தார். வாசலில் அண்ணியைக் கட்டிக்கொண்டு அழுதுவிட்டு, கிளம்பும்போதுதான் முறத்தைப் பார்த்தார். பார்த்ததும் தெலுங்கும் தமிழுமாக, "நாக்கு ஒத்து அம்மா, எனக்கு வேணாம், நான் வேற எடத்துல அடிச்சிக்கறேன். இது உங்ககிட்ட இருக்கட்டும்" என்று பின்வாங்கினார்.

அண்ணி முறத்தைத் தூக்கி மேஜைமேல் வைத்து, சுருளின் நுனியைக் கண்டுபிடித்து, படிக்க ஆரம்பித்தார். முதல் லேபிளைச் சத்தமாகப் படித்தார். அடுத்ததைப் படித்தார். மழலை வகுப்பில் படிப்பது போல ஒவ்வொரு எழுத்தாக. நானும் கௌரம்மாவும் நின்றுகொண்டே இருந்தோம். கொஞ்ச தூரம் போனபிறகு நிறுத்தி, மிச்சத்தை ஒழுங்காகச் சுற்றி, கௌரம்மா கையில் கொடுத்தார்.

"எல்லாம் சரியா கீது. ஒட்டுங்க. நாலு வீட்டுக்குப் போவட்டும்."

கௌரம்மா அதைப் புடவைத் தலைப்பில் சுற்றி எடுத்துக்கொண்டு போனார்.

கம்ப்யூட்டர் அந்த முன்னறையிலேயே இருக்கிறது. யாருக்காவது கொடுக்கலாமா என்று குழுவில் ஒருவர் கேட்டிருந்தார். அண்ணி கேட்கும்வரை யாரும் கேட்க வேண்டாம்.

நான் அவரிடமிருந்து பொருள் எதையும் எடுத்துக்கொள்ளவில்லை. என்னிடம் இருப்பது ஒரு பழக்கம். எனக்குப் பிழைப்பு புதியதை விற்பதுதான், அதை மறைக்கவில்லை. வேண்டாம் என்று யாராவது சொன்னால் முன்பெல்லாம் வசதிகளை அடுக்கிக்கொண்டே போவேன். அவருக்குப் பிறகு, ஏன் வேண்டாம் என்று கேட்டுவிட்டு வாயை மூடிக்கொள்கிறேன்.

போன வாரம் புத்தூரில் ஒரு பரிசோதனை நிலையம். நடத்துவது வயதான அம்மா. மகன் புதியதை வாங்கிக் கொடுத்தும் தொட மாட்டேன் என்கிறாராம், கொஞ்சம் எடுத்துச் சொல்லுங்கள் என்று மகனே அழைத்திருந்தார். நான் எதுவும் எடுத்துச் சொல்லவில்லை. ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, "ஏம்மா வேணான்றீங்க?" என்று மட்டும் கேட்டேன். அந்த அம்மா மகன் வெளியே போகும்வரை காத்திருந்து, வலது கையை மேஜைமேல் வைத்துக் காட்டினார். நடுங்கிக்கொண்டிருந்தது. மவுஸைப் பிடித்தால் அம்பு எங்கெங்கோ ஓடுகிறதாம். மகனுக்குத் தெரிந்தால் நிலையத்தை மூடச் சொல்வானாம்.

பழையதை அவர் கீபோர்டிலேயே ஓட்டும்படி சரிசெய்து கொடுத்தேன். மகனிடம், இது இன்னும் நன்றாக ஓடுகிறது, இருக்கட்டும் என்றேன். வெளியே வந்து, வண்டியை எடுக்கும் முன், இதைக் கேட்டால் சந்தோஷப்படுவார் என்று போனை எடுத்து எட்வின் அண்ணனைக் கூப்பிட்டேன். மணி அடித்தது. அடிக்கும்போதுதான் நினைவு வந்தது. துண்டிப்பதற்குள் அண்ணி எடுத்துவிட்டார்.

"சொல்லு குமாரு" என்றார். "இன்னா ஆச்சு?"

தப்பாகக் கூப்பிட்டுவிட்டேன் என்று சொல்ல வாய் வரவில்லை. புத்தூர் அம்மாவின் கதையை முதலிலிருந்து அவரிடம் சொன்னேன்.